இறுக்காத இரண்டு போல்ட்

சனிக்கிழமை காலை ஒன்பது மணியிருக்கும். கராஜைக் கூட்டிவிட்டு, பழைய துணியால் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த றஸ்மியின் கையில் ஒரு சின்னப் பொலித்தீன் பை தட்டுப்பட்டது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். உள்ளே இரண்டு புதுப் போல்ட். பையின் வாய் பிரிக்கப்படவே இல்லை.

ஒரு கணம் அது எந்த வாகனத்துக்கு வாங்கியது என்று யோசித்தான். நினைவு வந்ததும் கையிலிருந்த துணி கீழே விழுந்தது.

அது தனுசனின் காருடையது. முன் இடப்பக்கச் சில்லில், பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கிற கெலிப்பரை அச்சோடு சேர்த்து இறுக்க வேண்டிய போல்ட். வியாழக்கிழமை பின்னேரம் கெலிப்பர் சரியாக உட்காருகிறதா என்று பார்க்க, பழைய போல்ட் இரண்டையும் விரலால் மட்டும் திருகி வைத்திருந்தான். பிறகு கழற்றி, புதியதைப் போட்டு, ஸ்பெனரால் முழுப் பலத்தோடும் இறுக்குவதாக இருந்தது. அந்த நேரம் பார்த்து அறுவடை செய்கிற வெட்டு மெசின்காரர் ஒருவர் வந்து, வயலில் நெல் நனையப் போகிறது, பெல்ட் அறுந்துவிட்டது என்று கத்தினார். றஸ்மி எழுந்து போனான். திரும்பி வந்தபோது தனுசன் ஃபோனைப் பார்த்தபடி அவசரத்தில் நின்றான். றஸ்மி சில்லைப் போட்டான், சில்லின் நட்டுகளை இறுக்கினான், ஜெக்கை இறக்கினான். உள்ளே இருந்த இரண்டையும் மறந்தே போனான்.

விரலால் திருகிய போல்ட் எத்தனை நாள் தாங்கும்? ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஒரு நூலளவு கழலும். முழுதாகக் கழன்றால் கெலிப்பர் தொங்கிச் சில்லின் உட்புறத்தில் அடிபடும். பிரேக் எண்ணெய் போகிற குழாய் அறும். மிதித்தால் பெடல் வெறுமனே தரை வரை போகும்.

"யா அல்லாஹ்," என்றான் றஸ்மி. அவனுக்குத் தன் குரலே கேட்கவில்லை.

தனுசனின் நம்பரை அழைத்தான். தொடர்பு இல்லை என்றது. மறுபடி அழைத்தான். அதே பதில்தான்.

தனுசன் காரைதீவுக்காரன். கட்டாரில் ஒன்பது வருடம் வேலை செய்துவிட்டு வந்து, கல்முனை பசாரில் ஃபோன் கடை வைத்திருக்கிறான். ஊருக்கு வந்த கையோடு கொழும்பில் ஒருவரிடம் அந்தச் சிவப்புக் காரை வாங்கினான். இரண்டே கதவு, தரையோடு தரையாகப் போகிற ஜப்பான் கார், வயது இருபது. விலையைக் கேட்டவர்கள் எல்லாரும் மலிவு என்றார்கள். மலிவுதான். ஆனால் அது ஓடத் தொடங்கிய பிறகு கேட்ட சாமான்கள் ஒன்றும் மலிவாக இருக்கவில்லை. ஐந்நூறு கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர் எஞ்சின் ஒயில் குடித்தது. கிளச் தட்டு ஜப்பானிலிருந்து வர ஏழு கிழமை எடுத்தது. அந்த அளவு ரயர் கல்முனையிலும் இல்லை, மட்டக்களப்பிலும் இல்லை. ஒரு மணி நேரம் ஓடினால் எஞ்சின் கொதிக்கும், இருபது நிமிடம் நிறுத்தி ஆறவிட வேண்டும். கரையோரத்து மெக்கானிக்குகள் பலர் அதன் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். சம்மாந்துறையில் றஸ்மி மட்டும்தான் தொட்டான். உழவு மெசினும் லொறியும் பழகிய கைக்கு அந்தக் காரைத் திருத்துவது ஒரு பெருமையாக இருந்தது. போன மாதம் பிரேக் இழுக்கத் தொடங்கியபோது, புதுக் கெலிப்பர் இரண்டின் விலையைக் கேட்டுத் தனுசன் கதிரையில் உட்கார்ந்துவிட்டான். "வேணாம் தம்பி, பழசையே கழட்டி, உள்ளுக்க இருக்கிற ரப்பரெல்லாம் மாத்தித் தாறன்," என்று சொன்னவன் றஸ்மிதான். மூன்று நாள் பாடுபட்டுச் செய்தான். கடினமான வேலை எல்லாம் சரியாக நடந்திருந்தது. ஐந்து நிமிட வேலைதான் மிச்சம் கிடந்தது.

பக்கத்தில் ரயர் கடை வைத்திருக்கும் பக்கீர் முகைதீனிடம் வேன் இருந்தது. றஸ்மி ஓடிப்போய்ச் சொன்னான். அவர் கடையைப் பாதியில் விட்டுவிட்டுச் சாவியை எடுத்தார். ஜெக்கையும் ஸ்பெனர் பெட்டியையும் பின்னால் எறிந்துவிட்டு இருவரும் காரைதீவுக்குப் பறந்தார்கள்.

வீட்டு முற்றத்தில் கார் இல்லை. தனுசனின் தாய் மீனாம்பிகை உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றார்.

"என்ன தம்பி, இந்தப் பக்கம்? அவன் இல்லையே. ஏழு மணிக்கே வெளிக்கிட்டுப் போயிட்டாங்க."

"எங்க அம்மா?"

"கண்டிக்கு. மருமகள் கேசினிட அக்கா புது வீடு கட்டியிருக்கா, அதுக்கு. பஸ்ஸிலதான் போறதெண்டு இருந்த. அவளுக்கு அந்தக் காரெண்டா பயம்தானே. மறுகா இவன்தான் சொன்னான், றஸ்மி நானா பிரேக் முழுக்கச் செஞ்சு தந்திட்டார், இனி என்ன பயமெண்டு. அதுக்குப் பிறகுதான் அவளும் ஓமெண்டவள்."

அந்த மனுசியின் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல றஸ்மிக்கு முடியவில்லை. "ஒரு சாமான் குடுக்க மறந்திட்டன் அம்மா," என்றான். "தம்பிட ஃபோன் வேலை செய்யல்ல. தங்கச்சிட நம்பர் இருக்கா?"

கேசினியின் நம்பரை வாங்கிக்கொண்டு வேனில் ஏறியதும் பக்கீர் முகைதீன் கேட்டார், "சொன்னியா?"

"இல்ல."

அவர் அம்பாறைப் பக்கம் வேனைத் திருப்பினார்.

கண்டிக்குப் போகிற பாதை றஸ்மிக்குத் தெரியும். அம்பாறை தாண்டி உகணை, மகாஓயா, பதியத்தலாவை, மகியங்கனை. அதுவரை ஓரளவு மட்டமான பாதை. ஆனால் யானை குறுக்கே வருகிற பாதை; வந்தால் ஒரே மிதியில் நிறுத்த வேண்டும். மகியங்கனைக்குப் பிறகு பதினெட்டு வளைவு. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். ஏறுகிறபோது பிரேக் பெரிதாகத் தேவைப்படாது என்று தனக்குள் சொல்லிப் பார்த்தான். பிறகு, மேலே ஏறிய பாதை கண்டிக்குப் போக மறுபக்கம் இறங்கத்தானே வேண்டும் என்று நினைவு வந்தது. வாங்கி வந்த நம்பரை அழுத்தினான்.

கேசினியின் ஃபோன் அடித்தது. இரண்டு தரம் அடித்து வெட்டுப்பட்டது. மறுபடி அழைத்தான். மறுபடி வெட்டுப்பட்டது.

"வெட்டுறாங்க," என்றான்.

"வெட்டுறாங்கெண்டா நல்லம்தானே," என்றார் பக்கீர் முகைதீன். "வெட்டுறதுக்கு ஆள் இருக்கு."

ஏழாவது தரமோ எட்டாவது தரமோ யாரோ எடுத்தார்கள். பெரிய இரைச்சல். அந்தக் காரின் எஞ்சின் சத்தம் அவனுக்கு எங்கே கேட்டாலும் தெரியும். அதற்கு மேலே ஒரு சின்னக் குரல்.

"கார்ட்டூன் பாக்கன்."

தனுசனின் மகள். நாலு வயது.

"மகள், மகள், அப்பாட்டக் குடுங்க ஃபோன."

"அப்பா கார் ஓட்டுறாரு."

"அப்ப அம்மாட்டக் குடுங்க. சுறுக்காக் குடுங்க மகள்."

"அம்மா நித்திரை."

"எழுப்புங்க மகள்! அம்மாவ எழுப்பி, றஸ்மி மாமா கார நிப்பாட்டச் சொன்ன எண்டு..."

அப்போது எஞ்சின் இரைச்சலுக்குள்ளே வேறொரு சத்தம் கேட்டது. டக். கொஞ்சம் பொறுத்து இன்னொரு டக். இரும்பில் இரும்பு தட்டுகிற சத்தம். பிள்ளை ஃபோனை வெட்டிவிட்டது.

அதற்குப் பிறகு அழைத்தபோதெல்லாம் தொடர்பு இல்லை என்றே வந்தது. ஒன்று, பற்றரி இறங்கியிருக்கும், இல்லாவிட்டால் சிக்னல் இல்லாத காட்டுக்குள் போயிருப்பார்கள். மூன்றாவதாக ஒன்றை நினைக்க அவனுக்குத் துணிவு வரவில்லை.

"லொறிக்காரன் ஆரும் அந்தப் பக்கம் போகல்லையா?" என்று பக்கீர் முகைதீன் கேட்டதும்தான் அபூசாலியின் ஞாபகம் வந்தது. அபூசாலி சம்மாந்துறை ஆலையிலிருந்து கண்டிக்கு அரிசி ஏற்றுகிறவன். சனிக்கிழமைகளில் விடியமுன் புறப்படுவான். அழைத்ததும் எடுத்தான். மகியங்கனைச் சந்தி தாண்டி, லொறியை ஓரமாக நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னான்.

"மச்சான், சிவப்புக் கார் ஒண்டு வரும். தனுசன்ட கார், உனக்குத் தெரியும்தானே. எப்பிடியாவது மறி. பிரேக் கழண்டு கிடக்கு மச்சான். உள்ளுக்க சின்னப் புள்ள இருக்கு."

"நீ பயப்படாத, நான் ரோட்டில நிக்கன்," என்றான் அபூசாலி.

வேன் உகணையைத் தாண்டியது. றஸ்மி ஃபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தெரிந்த துஆவையெல்லாம் ஓதினான். பாதி ஓதும்போது முதல் வரி மறந்துபோய், மறுபடி தொடங்கினான். கால் மணி நேரம் கழித்து அபூசாலி அழைத்தான். மூச்சு வாங்கியது.

"மச்சான், போயிட்டான்."

"என்னடா சொல்ற?"

"நடு ரோட்டில நிண்டு கைய ஆட்டினன், கத்தினன். அவன் ஒதுக்கி எடுத்து, சிரிச்சுக்கொண்டு கைய ஆட்டிட்டுப் போறான். அந்தக் காரக் கண்டா ரோட்டில எல்லாரும் கைய ஆட்டுறதானே. நானும் அப்பிடித்தானெண்டு நினைச்சிருப்பான். லோட்டோட நான் எப்பிடித் துரத்துற? போய்க்கொண்டுதான் இருக்கன், ஆனாப் பிடிக்க ஏலா மச்சான்."

றஸ்மி ஃபோனை மடியில் வைத்தான். வெளியே வயல்கள் போய்க்கொண்டிருந்தன. இனி இருப்பது ஒரே வழி. அது அவனுக்குக் கொஞ்சம் முன்னமே தெரிந்திருந்தது. தெரியாதது மாதிரி இருந்துவிட்டான்.

"பொலிசுக்கு எடுக்கன்," என்றான்.

பக்கீர் முகைதீன் வேனை மெதுவாக்கினார். "எடு. ஆனா உன்ட பேரச் சொல்லாத. ரோட்டால போன ஒராள் எண்டு சொல்லு. கேஸ் போட்டாங்களெண்டா கராஜும் இல்ல, ஒண்டுமில்ல. மூணு பொம்புளப் புள்ளைகள் இருக்கு உனக்கு."

றஸ்மி அவசர நம்பரை அழுத்தினான். மறுமுனையில் சிங்களத்தில் ஒரு ஆண் குரல். தனக்குத் தெரிந்த சந்தைச் சிங்களத்தில் சொன்னான்: சிவப்புக் கார், இரண்டு கதவு, பதினெட்டு வளைவில் ஏறுகிறது, இடப்பக்கப் பிரேக் கழன்றிருக்கிறது, நிறுத்துங்கள். மறுமுனைக்காரர் நிதானமாகக் கேட்டார்: காரில் நீங்கள் இருக்கிறீர்களா? இல்லை. பார்த்தீர்களா? இல்லை. அப்படியென்றால் பிரேக் கழன்றிருப்பது உங்களுக்கு எப்படித் தெரியும்?

ரோட்டால் போன ஒருவனுக்கு அது எப்படித் தெரியும்? றஸ்மி பக்கீர் முகைதீனைப் பார்த்தான். அவர் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் அதைத் திருத்தினவன், சேர்," என்றான். "போல்ட்டை இறுக்க மறந்திட்டன். என்ட பேர் றஸ்மி. சம்மாந்துறை." கராஜின் பேரையும், அடையாள அட்டை நம்பரையும் கேட்காமலே சொன்னான். பிறகு, "லைனில் இருங்கள்," என்றார் அவர். குரல் மாறியிருந்தது.

மகாஓயாவுக்குப் பிறகு சிக்னல் போய்விட்டது. அந்த முக்கால் மணி நேரத்தைப் பற்றி றஸ்மி பின்னர் மனைவியிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. எதிரே வந்த ஒவ்வொரு வாகனத்திலும் அவன் அம்புலன்ஸைத் தேடினான். பாதையோரம் நாலு பேர் கூடி நின்றால் கண்ணை மூடிக்கொண்டான். பிள்ளையின் குரல் காதை விட்டுப் போகவில்லை. கார்ட்டூன் பாக்கன். பின் சீற்றில் பிள்ளை எந்தப் பக்கம் இருந்திருக்கும் என்று யோசித்தான். இடப்பக்கமா, வலப்பக்கமா? ஏன் அதை யோசிக்கிறோம் என்று விளங்கியபோது வேனை நிறுத்தச் சொல்லி இறங்கி, பற்றைக்குள் வாந்தி எடுத்தான்.

பதியத்தலாவையில் ஃபோன் உயிர் பெற்றது. வரிசையாகச் சத்தம் வந்தது. அபூசாலி ஆறு தரம் அழைத்திருந்தான். றஸ்மி அதை அழுத்தத் துணிவில்லாமல் பக்கீர் முகைதீனிடம் நீட்டினான். அவர் அபூசாலியை அழைத்து, காதில் வைத்துக் கேட்டார். "ஓம்... ஓம்..." என்றார். பிறகு ஃபோனைக் கீழே வைத்துவிட்டு முகத்தைக் கையால் துடைத்தார்.

"நிப்பாட்டிட்டாங்க. பத்தாவது வளைவில. ஆருக்கும் ஒண்டுமில்ல. அல்ஹம்துலில்லாஹ்."

றஸ்மி அழுதான். வாகனம் ஓடுகிற சத்தத்தில் அது பெரிதாகக் கேட்கவில்லை.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சியில் நின்றது. பத்தாவது வளைவில் சோளம் அவித்து விற்கிற கொட்டிலுக்குப் பக்கத்தில் சிவப்புக் கார் நின்றது. அபூசாலியின் லொறி அதற்குப் பின்னால். இரண்டு பொலிஸ்காரர். கொட்டில் வாங்கில் பிள்ளை உட்கார்ந்து சோளம் தின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் கேசினி, பிள்ளையின் சட்டையை ஒரு கையால் பிடித்தபடி. தனுசன் காரில் சாய்ந்து நின்றான்.

றஸ்மி யாரையும் பார்க்காமல் நேரே போய் ஜெக்கை வைத்தான். சில்லைக் கழற்றினான். மேல் போல்ட் இல்லை. எங்கேயோ விழுந்துவிட்டது. கீழ்ப் போல்ட் பாதிக்கு மேல் வெளியே வந்து, கெலிப்பர் அதில் சரிந்து தொங்கியது. சில்லின் உட்புறத்தில் புதிதாகக் கீறிய வளையம் ஒன்று வெள்ளையாக மின்னியது. அது இன்னும் எவ்வளவு தூரம் தாங்கியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பொலிஸ்காரர் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். ஒரு புத்தகத்தில் அவனது விபரத்தை எழுதிக் கையெழுத்து வாங்கினார். முறைப்பாடு செய்வதென்றால் சொந்தக்காரர் செய்யலாம் என்று தனுசனிடம் சொன்னார். தனுசன் தலையை ஆட்டினான். ஓமென்றா இல்லையென்றா தெரியவில்லை.

"தம்பி," என்றான் றஸ்மி. "என்ட பிழை. வேற ஒண்டும் சொல்றதுக்கு இல்ல."

"டக் டக்கெண்டு கேட்டது நானா," என்றான் தனுசன். "மகாஓயாவில இருந்து கேட்டது. இந்தக் கார்ல எந்நேரமும் ஏதோ ஒண்டு கேக்கிறதானே எண்டு போட்டு நானும் விட்டிட்டன்." குரல் தாழ்ந்திருந்தது. அவன் கோபப்பட்டிருந்தால் றஸ்மிக்கு லேசாக இருந்திருக்கும்.

புதுப் போல்ட் இரண்டையும் போட்டான். ஸ்பெனருக்கு முழு உடம்பையும் கொடுத்து இறுக்கினான். கையெடுத்து, மறுபடி பிடித்துப் பார்த்தான். வலப்பக்கத்தையும் கழற்றிப் பார்த்தான். அது சரியாகவே இருந்தது. எழும்பியபோது கேசினி பின்னால் நின்றாள்.

"இனிச் சரியா நானா?"

"சரி தங்கச்சி."

"அண்டைக்கும் சரியெண்டுதானே சொன்ன நீங்க." அவள் சத்தம் போடவில்லை. "அப்ப நீங்க ஓட்டுங்க. கீழ வரைக்கும் இறங்கி, திரும்பி ஏறி வாங்க. அதுக்குப் பிறகு கதைப்பம்."

றஸ்மி சாரதி இருக்கையில் உட்கார்ந்தான். அவ்வளவு தாழ்வான இருக்கையிலிருந்து பள்ளம் இன்னும் பெரிதாகத் தெரிந்தது. தனுசன் மற்றக் கதவைத் திறந்து பக்கத்தில் ஏறி பெல்ட்டைப் போட்டான்.

"நீங்க இறங்குங்க தம்பி. நான் தனியாப் போறன்."

"ஓட்டுங்க நானா."

பிஸ்மில்லாஹ் சொல்லிக் காரை நகர்த்தினான். தன் கையால் இறுக்கிய போல்ட், தன் கண்ணால் பார்த்த போல்ட். ஆனால் ஒவ்வொரு வளைவிலும் காலை வைக்கும்போது பெடல் தரைக்குப் போகப் போகிறது என்றே உடம்பு நினைத்தது. முதுகு நனைந்து சேர்ட் இருக்கையில் ஒட்டியது. நாலாவது வளைவில் பஸ் ஒன்று முழு வீதியையும் அடைத்துக்கொண்டு ஹோர்ன் அடித்தபடி ஏறி வந்தது. றஸ்மி மிதித்தான். கார் பிடித்து வைத்ததுபோல் நின்றது. பஸ் ஒரு சாண் இடைவெளியில் உரசாமல் போனது. அது போன பிறகும் அவன் காலை எடுக்கவில்லை.

"நானா, எடுங்க," என்றான் தனுசன் மெதுவாக.

அடிவாரத்தில் திருப்பும்போது தனுசன் கேட்டான், "கேசினி கேட்டா என்ன சொல்ற? நடுங்காம ஓட்டின நீங்க எண்டு சொல்லவா?"

"இல்ல தம்பி. நடுங்கினதெண்டே சொல்லுங்க."

மேலே வந்ததும் கேசினி காரைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தாள். பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பக்கீர் முகைதீனின் வேனில் ஏறினாள். கண்டி வரை வேன் முன்னால் போனது, தனுசன் தனியாகச் சிவப்புக் காரில் பின்னால் வந்தான். றஸ்மி வேனின் கடைசி இருக்கையில் திரும்பி உட்கார்ந்து, வழி முழுக்க அந்தச் சில்லையே பார்த்துக்கொண்டு போனான்.

தனுசன் முறைப்பாடு செய்யவில்லை. காரை அங்கேயே யாருக்காவது விற்றுவிடுகிறேன் என்று அன்று பின்னேரம் சொன்னானாம். "ஆருக்கு விக்கப் போறீங்க? அவனுக்கும் பொண்டாட்டி புள்ள இருக்கும்தானே," என்று கேசினி கேட்டாளாம். இரண்டு கிழமை அது அக்காவின் வீட்டு முற்றத்தில் கிடந்தது. பிறகு அபூசாலியின் வெறும் லொறியில் ஏறி, படங்குக்குக் கீழே ஒளிந்தபடி ஊருக்கு வந்தது. கொழும்பிலிருந்து உதிரிப்பாகக்காரர் ஒருவர் வந்து எஞ்சினையும் கதவுகளையும் கழற்றிக்கொண்டு போனார். கொடுத்த பணத்தில் ஒரு பழைய ஸ்கூட்டர்தான் வாங்க முடிந்தது.

அந்த ஸ்கூட்டரில்தான் ஒரு நாள் காலை கேசினி கராஜ் வாசலில் வந்து இறங்கினாள். பாடசாலைக்குப் படிப்பிக்கப் போகிற சேலை, தோளில் பை. றஸ்மி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். கதிரையை இழுத்துப் போட்டான்.

"முன் பிரேக் இழுக்குது நானா," என்றாள். "பாருங்க."

"உட்காருங்க தங்கச்சி. அரை மணித்தியாலம் எடுக்கும்."

"இல்ல. நான் நிண்டு பாக்கன்."

அவள் நின்றாள். றஸ்மி முழங்காலில் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினான். வாசலில் உழவு மெசின்காரர் ஒருவர் வந்து அவசரம் என்று கூப்பிட்டார். றஸ்மி தலை நிமிராமல், "இது முடியட்டும்," என்றான். ஒவ்வொரு நட்டாக இறுக்கினான். அவள் குனிந்து ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.